பட்டாவை நம்பலாம், ஆணையைக் காட்டட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு ஆவணம் என்றாலே நீதிமன்றம் நம்பிவிட வேண்டுமா என்றால், ஓரளவுக்கு ஆம் என்பேன். அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் என்னைப் போன்ற பத்திர எழுத்தர் ஒரு கிரயப் பத்திரம்கூட எழுத முடியாது. வில்லங்கச் சான்றில் வரும் ஒவ்வொரு பதிவுக்கும் அலுவலரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினால் சத்துவாச்சாரி நீதிமன்ற வளாகம் அவர்களுக்கே போதாது.

அலுவல் ஒழுங்காகவே நடந்திருக்கும் என்று நீதிமன்றம் அனுமானிக்க, 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 114-ஆவது பிரிவில் இடம் கொடுத்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் 119-ஆவது பிரிவாக அது தொடர்கிறது. கட்டாயம் ஒன்றுமில்லை. ஆனால் வழக்கென்று வந்தால், பதிவு தவறு என்பவர்தான் நிரூபிக்க வேண்டும். அதற்கான காகிதமோ அலுவலக பீரோவில்.

எங்கள் குடியாத்தம் பக்கத்துப் பாகத் தகராறுகள் பல, 1979-இல் தொடங்கிய யு.டி.ஆர். (நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம்) பதிவில்தான் போய் முட்டுகின்றன. அண்ணன் தம்பிகளுக்குப் பொதுவான நிலம், பட்டா அண்ணன் பெயரில் மட்டும் ஏறியிருக்கும். பெரியவர்கள் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. பேரன்கள் விற்க வரும்போதுதான் விஷயம் வெளியே வருகிறது. அண்மையில் ஓர் அ-பதிவேட்டுப் பக்கத்தைப் பார்த்தேன்; எந்த நிலம் யார் பெயரில் என்று காட்டும் கிராமக் கணக்கு அது. பழைய பெயரின் மேல் ஒரு கோடு, அருகில் சிவப்பு மையில் புதுப் பெயர். ஆணை எண் இல்லை, தேதி இல்லை, சுருக்கொப்பம்கூட இல்லை. அதை அப்படியே கணினியில் ஏற்றிவிட்டார்கள். இன்று இணையத்தில் எடுக்கும் பட்டாவில் கோடும் இல்லை, சிவப்பு மையும் இல்லை, பளிச்சென்று இருக்கிறது. நீதிபதி பார்ப்பது இதைத்தான்.

பட்டா உரிமை ஆவணம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. (தடை உத்தரவு கேட்டுப் போனால் முதலில் நீட்டுவது என்னவோ அதைத்தான்.) மூல ஆணையைக் கேட்டால் ‘கோப்பு கிடைக்கவில்லை’ என்று பதில் வரும். ஆம்பூர்ப் பக்கத்து நிலமென்றால் தொல்லை இரட்டிப்பு: 2019-இல் மாவட்டம் பிரிந்த பிறகு வேலூர் திருப்பத்தூரைக் காட்டுகிறது, திருப்பத்தூர் வேலூரைக் காட்டுகிறது.

கையிலுள்ள சாட்சியத்தைக் காட்டாதவருக்கு எதிராக அனுமானிக்கலாம் என்பதும் அதே 119-ஆவது பிரிவில் இருக்கிறது. அதை வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் பொருத்தினால் என்ன? பெயர் மாற்றத்தை ஒருவர் மறுத்தால், எந்த ஆணையின்படி மாற்றினார்கள் என்று அலுவலகம் காட்டட்டும். காட்ட முடியாவிட்டால் அந்தப் பதிவுக்கு அனுமானச் சலுகை கூடாது. இரு தரப்பும் மூலப் பத்திரங்களோடு சமமாக வழக்காடட்டும்.

– பத்திர எழுத்தர் ஒருவர், குடியாத்தம்