ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கும் மாணவிக்கு

அன்புள்ள மாணவிக்கு,

வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். நாங்கள் வெளியே இருக்கும் நாட்களில் பதினொன்றாம் வகுப்புப் பெண் நீ ஆறாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கிறாய் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷமாக இருந்தது, கவலையாகவும் இருந்தது. போராட்டத்துக்கு எதிராக நடந்துகொள்கிறாள் என்று எங்களில் சிலருக்குக் கோபம். எனக்கு இல்லை. சின்னப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்து போயிருக்கிறாய், திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் மூத்த மாணவன், அதாவது சட்டாம்பிள்ளை, செய்த வேலைதானே அது.

அந்தச் சட்டாம்பிள்ளை முறை கடல் தாண்டிப் போன கதை உனக்குத் தெரியுமா? 1789-இல் சென்னை எழும்பூரில் ஆண் பிள்ளைகளுக்கான அநாதை விடுதிப் பள்ளிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் அப்படியே சொல்லித்தரச் சொன்னார். ஆசிரியர் மறுத்துவிட்டார். பெல் அந்த அரிச்சுவடி வகுப்பை எட்டு வயதுப் பையன் ஒருவனிடம் ஒப்படைத்தார், பிள்ளைகளும் நன்றாகக் கற்றுக்கொண்டார்கள். 1797-இல் லண்டனில் இதைப் புத்தகமாகவே போட்டார். அதுவரை சரி. அப்புறம் இங்கிலாந்தில் ஒரே ஆசிரியர், நூற்றுக்கணக்கான பிள்ளைகள், நடுவில் சட்டாம்பிள்ளைகள் என்று பள்ளிகள் பெருகின, செலவு குறைவு என்பது அதற்கு ஒரு பெரிய காரணம்.

என் கவலையும் அதுதான். பிள்ளைகளே பார்த்துக்கொள்கிறார்களே, ஆசிரியர் எதற்கு என்று நாளைக்கு உன்னைக் காட்டியே யாராவது பேசுவார்கள். உன்னிடம் கேட்டால், ஒரு பாடவேளையை ஓட்டுவதற்கு முந்தின ராத்திரி எவ்வளவு நேரம் உட்கார்ந்தாய் என்பதை மறைக்காமல் சொல்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடாதே. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அத்தனை பிள்ளைகளுக்கும் நீ பொறுப்பேற்கவும் கூடாது, யாருக்காவது அடிபட்டால் பதில் சொல்ல வேண்டியவள் நீ இல்லை. புதுப்பாடம் தொடங்க வேண்டாம், நடத்தி முடித்ததையே திரும்பச் செய், புரிந்த பிள்ளையை எழுப்பிப் புரியாத பிள்ளைக்குச் சொல்லவை. தெரியாத கேள்வி வந்தால் சமாளிக்காதே, ஒரு தாளில் எழுதி வை. பின்னத்தில் கட்டாயம் நிறைய வரும், ஒவ்வொரு வருஷமும் அங்கேதான் தடுமாறுவார்கள். பிரம்பைத் தொடாதே.

உன் இயற்பியல் பாடமும் நின்றுபோய்த்தான் கிடக்கிறது, அதற்கு நாங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். திரும்பி வந்ததும் சனிக்கிழமைகளில் உங்கள் வகுப்புக்கு விட்டதை நடத்தித் தருகிறேன். அந்தத் தாளையும் கொண்டு வா.

அன்புடன்,
உன் ஆசிரியை