கைவிட்ட குழாய்களுக்கும் கணக்கு வேண்டும்

ஐயா,

சென்னையில் பழைய வார்ப்பிரும்புக் குடிநீர்க் குழாய்களை மாற்றுவது பற்றிய செய்தியைப் படித்தேன். கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையம் 1914-இல் தொடங்கிய நகரம் இது. மண்ணுக்குள் எத்தனை தலைமுறைக் குழாய்கள் கிடக்கும்! புதியதைப் பதித்த பின் பழையதை அப்படியே விடுவதில் தவறில்லை. தோண்டி எடுக்கச் செலவு அதிகம்; பக்கத்திலேயே செல்லும் மின்கம்பிக்கும் கழிவுநீர்க் குழாய்க்கும் ஆபத்து. சில இடங்களில் பழைய குழாயையே உறையாக வைத்து, அதற்குள் புதியதைச் செலுத்தவும் முடியும்.

ஆனால் பழைய குழாயின் வாயை அடைக்காமல், வரைபடத்தில் குறிக்காமல் விடுவதை ஏற்க முடியாது. காலிக் குழாய்க்குள் கழிவுநீர் கசிந்தால் அது தெரு முழுக்கப் பரவும். துருப்பிடித்து நொறுங்கினால் சாலை உள்வாங்கும். எங்கள் தெருவில் கசிவைச் சரிசெய்ய வந்தவர்கள் எது உயிருள்ள குழாய் என்று தெரியாமல் முதலில் செத்த குழாயைத்தான் உடைத்தார்கள். அப்புறம் இன்னொரு பள்ளம். பழைய குழாயின் இரு முனைகளையும் அடைத்து, பெரிய குழாய் என்றால் சிமென்ட் கலவையால் நிரப்பி, அதன் இடத்தையும் ஆழத்தையும் பதிவு செய்த பிறகே ஒப்பந்ததாரருக்குக் கடைசித் தவணை தர வேண்டும். அந்த வரைபடம் சாலை தோண்டும் எல்லாத் துறைகளுக்கும் கிடைக்க வேண்டும்.

- ஒரு வாசகர், சென்னை