எல்லாரும் கட் அடித்த நாளில் வகுப்புக்குப் போனவள்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் போடவில்லை. திட்ட வேண்டியதை எல்லாம் சேர்த்து வைத்துக்கொள், நேரில் பார்க்கும்போது வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முட்டிவலி தேவலை. பெரியவன் வேலையில் சேர்ந்துவிட்டான். அம்மா இன்னும் வீட்டையே அதட்டிக்கொண்டிருக்கிறாள், அதனால் அவள் உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். சின்னவளைப் பற்றித்தான்.

அவள் வகுப்பில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நாள் மொத்தமாகக் கட் அடிப்பது என்று முடிவு செய்திருக்கிறார்கள். தேர்வு அட்டவணை மேல் ஏதோ கோபமாம். பாதிப் பேருக்கு அந்தக் காரணமே தெரியாது என்கிறாள். அன்றைக்கு இவள் மட்டும் வழக்கம்போலக் கிளம்பிப் போய், காலி வகுப்பில் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஏன் போனாய் என்று கேட்டேன். "மின்காந்தத் தூண்டல் அன்னிக்குதான் ஆரம்பிக்கறதா மிஸ் சொல்லியிருந்தாங்க. எனக்குக் கேக்கணும்னு இருந்தது." இவ்வளவுதான். கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது. அந்த மிஸ்ஸும் ஒரே ஒரு ஆளுக்கு, காந்தத்தையும் கம்பிச்சுருளையும் வைத்துக்கொண்டு, மணி அடிக்கிறவரை முழுப் பாடமும் நடத்தியிருக்கிறார். அதைச் சொல்லும்போது மட்டும் இவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலைக் கூட்டத்தில் தலைமையாசிரியை இவளை மேடைக்கு அழைத்து, ஒழுங்கு என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று பாராட்டியிருக்கிறார். பதினைந்து வயதில் அப்படி ஒரு பாராட்டு எதிரிக்கும் வரக் கூடாது. அதோடு விட்டாரா? அறைக்குக் கூப்பிட்டு, இதை ஆரம்பித்தது யார் யார், பெயரைச் சொல் என்றிருக்கிறார். இவள் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள். "நான் பாடம் கேக்க வந்தேன் மேடம். வேற எதுக்கும் வரல." காலையில் ஒழுக்கசீலி, மதியத்துக்குள் அடங்காப்பிடாரி. எனக்கு அழைப்பு வந்தது. போனேன். "உங்கள் பெண் யாரோடும் ஒத்துப்போக மாட்டேன் என்கிறாள்" என்றார்கள். யாரோடு ஒத்துப்போக வேண்டும், உங்களோடா பிள்ளைகளோடா என்று கேட்க வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். நீயாக இருந்தால் கேட்டிருப்பாய்.

வகுப்பில் இப்போது யாரும் அவளோடு பேசுவதில்லை. குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவள் உட்காருகிற பெஞ்சில் மற்றவர்கள் உட்காருவதில்லை. பெயரைக் காட்டிக்கொடுக்க மறுத்துத்தான் மேலிடத்தில் கெட்ட பெயர் வாங்கினாள் என்பது அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் இரண்டு அரசாங்கம் நடக்கிறது வசந்தி. ஒன்று ஆசிரியர்களுடையது, இன்னொன்று பிள்ளைகளுடையது. முதலாவதை எதிர்த்தால் இரண்டாவதில் தியாகிப் பட்டம் கிடைக்கும். இரண்டாவதை எதிர்த்தால் முதலாவதில் நல்ல பெயர் கிடைக்கும். இரண்டுக்கும் வரி கட்டாதவர்களுக்குத்தான் போக்கிடமே இல்லை.

இதை எல்லாம் விட என்னை எரிச்சல்படுத்துவது ஆறுதல் சொல்கிறவர்கள். "இந்த மாதிரிப் பிள்ளைகள்தான் பிற்காலத்தில் பெரிய ஆளாக வருவார்கள்" என்று சொல்லாதவர் கிடையாது. நம் பழைய வகுப்புக் குழுவிலும் இதை லேசாகச் சொன்னேன், அங்கேதான் தப்பு. உடனே எல்லாரும் உன் பெயரை எடுத்துவிட்டார்கள். 'வசந்தி அப்பவே வேற மாதிரி, எங்களுக்கு அப்பவே தெரியும்.' ஒருத்தி உன் 'லட்சியம்' கட்டுரையை வேறு ஞாபகப்படுத்தினாள். அதே ஒருத்திதான். யார் என்று உனக்குத் தெரியும், நான் பெயரை எழுதினால் நீ பேப்பரைக் கிழித்துவிடுவாய்.

எல்லாரும் டாக்டர், எஞ்சினியர் என்று எழுதியபோது, 'எனக்கு லட்சியம் எதுவும் இல்லை, யோசித்துக்கொண்டிருக்கிறேன்' என்று ஒன்றே கால் வரி எழுதிக் கொடுத்தாயே, அதை நம் 'குண்டூசி' டீச்சர் வகுப்பில் சத்தமாகப் படித்துக் காட்டியபோது முதலில் சிரித்தது அவள்தான். அப்புறம் ஒரு வருஷம் உன்னை 'யோசனை' என்றே கூப்பிட்டார்கள். நீயே கத்தரிக்கோலை எடுத்து முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்த நாளில் எத்தனை பேர் உன் பக்கம் திரும்பிப் பார்த்துப் பேசினார்கள்? இன்றைக்கு அதெல்லாம் அவர்களுக்குச் செல்லமான நினைவு. உனக்கு அன்றைக்குச் சாப்பாட்டு இடைவேளை எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

சரி, நீதான் என்ன பெரிய ஆளாகிவிட்டாய்? கோபித்துக்கொள்ளாதே டி. ஊரே எதிர்த்தாலும் அசையாத வசந்தி, இன்றைக்குத் தேய்த்த புடவையும் சிவப்புப் பேனாவுமாக, அடுத்தவர் கணக்கில் ஒரு பைசா இடம் மாறினால் கண்டுபிடித்து எழுதுகிற ஆடிட்டர். இதைச் சின்னவளிடம் சொன்னபோது அப்படிச் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பெரிய ஆளாக ஆகாமலும் ஒருத்தி நன்றாக இருக்க முடியும் என்பது அவளுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

இவருடைய தம்பி ஒரு ஆய்வைத் தேடிக் கொண்டுவந்து கொடுத்தார். ஜோசப் ஆலன் என்கிற உளவியலாளரும் அவர் கூட்டாளிகளும் 2014ல் வெளியிட்டது. 184 பிள்ளைகளைப் பதின்மூன்று வயதிலிருந்து இருபத்துமூன்று வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். பதின்மூன்றில் பெரியவர்கள் மாதிரி நடந்து, கெத்து காட்டி, கூட்டத்தின் நடுவில் இருந்தவர்களில் பலர் இருபதுகளில் உறவுகளிலும் குடிப்பழக்கத்திலும் தடுமாறினார்கள் என்று தெரிந்ததாம். நான் ஆசையாக அதை அவளிடம் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "பத்து வருஷம் கழிச்சு அவங்க கஷ்டப்பட்டா எனக்கு என்னம்மா? எனக்கு நாளைக்கு லேபுக்கு ஜோடி வேணும்" என்றாள்.

எனக்குப் பதில் இல்லை. நாளைக்கு லேபுக்கு ஜோடி. இத்தனை பேர் சொன்ன ஆறுதலில் ஒன்றுகூட அந்த 'நாளை'க்கு உதவாது.

அதன் பிறகுதான் ராத்திரியில் தூக்கம் வராமல் நானே படிக்க ஆரம்பித்தேன். நீ சிரிப்பாய், எனக்குப் படிப்பு என்றால் எப்படி என்று உனக்குத் தெரியும். சாலமன் ஆஷ் என்பவர் 1950களில் செய்த சோதனை பற்றி நீ கேள்விப்பட்டிருக்கலாம். ஒரு அட்டையில் ஒரு கோடு, இன்னொன்றில் மூன்று கோடுகள். எது முதல் கோட்டின் நீளம் என்று சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். ஆனால் அறையில் இருக்கும் மற்ற எல்லாரும் முன்பே பேசிவைத்துக்கொண்டு ஒரே தப்பான பதிலைச் சொல்வார்கள். விஷயம் தெரியாத ஒரே ஆள் கடைசிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். அப்படி உட்கார்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது கண்ணால் பார்த்ததை விட்டுவிட்டுக் கூட்டத்தின் பதிலைச் சொன்னார்கள். கூட்டம் தப்பாகச் சொன்ன சுற்றுகளை மட்டும் எடுத்தால், மொத்தப் பதில்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அப்படிப் போனது.

எல்லாரும் இதோடு நிறுத்திவிட்டு, பார், மனிதன் ஆட்டுமந்தை என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி. அறையில் இன்னும் ஒரே ஒருவர் சரியான பதிலைச் சொன்னால் போதும், கூட்டத்தோடு போவது முன்பு இருந்ததில் கால்வாசியாகக் குறைந்துவிட்டது. அந்த ஒருவர் தலைவராக இருக்க வேண்டியதில்லை, பேச்சாளராக இருக்க வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தான் பார்த்ததைச் சொன்னால் போதும்.

இதைப் படித்தபின் பள்ளிப் பிள்ளைகள் தனியாக நின்ற பழைய வழக்குகளை எல்லாம் வேறு கண்ணோடு பார்த்தேன். கேரளத்தில் 1985ல் தேசிய கீதம் பாடவில்லை என்று பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள். எல்லாரோடும் எழுந்து மரியாதையாக நின்றார்கள், மத நம்பிக்கை காரணமாகப் பாட மட்டும் இல்லை. 1986ல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அமெரிக்காவில் 1965 டிசம்பரில் வியட்நாம் போருக்கு எதிராகக் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு பள்ளிக்குப் போன பதின்மூன்று வயது மேரி பெத் டிங்கர். இடைநீக்கம் செய்தார்கள். 1969ல் உச்ச நீதிமன்றம், மாணவர்கள் தங்கள் பேச்சுரிமையைப் பள்ளி வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போவதில்லை என்று தீர்ப்பு எழுதியது. இவை எல்லாம் 'தனி ஒருத்தியின் துணிச்சல்' என்றுதானே நாம் சொல்லிக்கொள்வோம்? எண்ணிப் பார் வசந்தி. கேரளத்தில் அவர்கள் மூன்று பேர், கூடப் பிறந்தவர்கள். மேரி பெத்தோடு அவள் அண்ணன் ஜானும் இன்னொரு மாணவனும் வழக்கில் இருந்தார்கள். அதற்கும் முன்னால் 1935ல் பென்சில்வேனியாவில் கொடி வணக்கம் செய்ய மறுத்த கோபைடிஸ் குடும்பத்தில், முதல் நாள் தம்பி மறுத்தான், மறுநாள் அக்கா. யாருமே தனியாக இல்லை! எல்லாருக்கும் பக்கத்தில் ஒருவர் இருந்திருக்கிறார். சின்னவளுக்கு அண்ணன் இருக்கிறான், ஆனால் அவன் படிக்கும் காலத்தில் வரிசையை விட்டு ஒரு அடி நகராதவன்.

இதற்கு நடுவில் எனக்கு ஒரு சந்தேகமும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் கிழக்கே போனால் மேற்கே போவதையே வேலையாக வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களும் கூட்டத்தைப் பார்த்துத்தான் திசையை முடிவு செய்கிறார்கள், அதில் சுதந்திரம் ஒன்றும் இல்லை. இவள் அந்த ரகமோ என்று பயந்தேன். வேண்டுமென்றே கேட்டேன்: "நாளைக்கு எல்லாரும் சொல்றது சரின்னு உனக்குத் தோணினா?" அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அப்ப நானும் அதைத்தான் சொல்வேன். இதுல என்னம்மா இருக்கு?" அட்டவணையை மாற்றக் கேட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டு ஒரு மனு கொடுத்திருந்தால் தானும் போட்டிருப்பேன் என்றாள். வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. அதே சமயம், அந்த வகுப்பில் இதை அவளிடம் கேட்க ஒருத்திகூட இல்லையே என்றும் இருந்தது.

ஒரு முறை நீ சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? அந்த முடிவெட்டு வருஷத்தில் நான் உன் பெஞ்சிலிருந்து எழுந்து போகாததே போதுமாக இருந்தது என்று. நான் உனக்காக வாதாடவும் இல்லை, ஒன்றும் இல்லை. உண்மையைச் சொன்னால் ஜன்னல் பக்கக் காற்றை விட மனசில்லாமல்தான் உட்கார்ந்திருந்தேன். இன்றைக்கு யோசித்தால், காரணம் எதுவாக இருந்தாலும் பலன் அதேதான் போலிருக்கிறது. ஆனால் அம்மா அந்த வேலையைச் செய்ய முடியாது. நான் அவள் பக்கம் நின்றால் அது அம்மா என்பதால் என்று தள்ளிவிடுகிறாள். நியாயம்தான்.

அதனால் நீ அவளுக்கு எழுத வேண்டும். ஆஷ் சோதனையில் இன்னொரு விவரமும் இருக்கிறது. பக்கத்தில் இருந்த கூட்டாளி பாதியில் எதிர்ப்பக்கம் தாவிவிட்டால், மீதி ஆள் அப்படியே சரிந்துவிடுகிறார். ஆனால் கூட்டாளி வேறு வேலை என்று எழுந்து அறையை விட்டுப் போனால், அவ்வளவு சரிவதில்லை. போன பிறகும் அவர் இருந்தது கொஞ்சம் வேலை செய்கிறது. நீ எங்கேயோ இருந்தாலும் பரவாயில்லை என்று எனக்குத் தைரியம் வந்தது அதைப் படித்துத்தான்.

ஆனால் 'நீ தைரியசாலி', 'உன்னை நினைத்தால் பெருமையாக இருக்கிறது' என்றெல்லாம் எழுதினாயானால் உன்னோடு பேச மாட்டேன். மேடையில் ஒரு தடவை பாராட்டியதே அவளுக்கு ஆயுளுக்கும் போதும். அறிவுரை கூடவே கூடாது. அந்தக் கட்டுரை அன்று சாயங்காலம் நீ வீட்டுக்கு எப்படிப் போனாய் என்று எழுது. சாப்பாட்டு இடைவேளையை எங்கே கழித்தாய், எந்தப் புத்தகம், நூலக அம்மா உன்னை எப்படி உள்ளே விட்டார், அதை எல்லாம் எழுது. மொட்டைத் தலையாக வந்து நின்றது பிடித்துப்போய் வந்து நின்றாயா, இல்லை பின்பக்கம் கோணலாகிப்போனதைச் சரிசெய்யப் போய் அப்படி ஆனதா என்பதையும் இப்போதாவது சொல். எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம். ஆடிட்டில் மற்ற எல்லாரும் கையெழுத்துப் போட்டபின் நீ மட்டும் போட மாட்டேன் என்றாயே, அந்தக் கதை நிச்சயம் வேண்டும். மின்காந்தத் தூண்டல் பற்றி ஏதாவது கேட்டுவை, அவள் நாலு பக்கம் எழுதுவாள்.

லேபுக்கு இப்போதைக்கு அந்த மிஸ்ஸே ஜோடியாக நிற்கிறாராம். புதிதாக வேறு பிரிவிலிருந்து ஒரு பெண் மாறி வருகிறாள் என்றும் கேள்வி. நான் எதுவும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

கடிதத்தை என் பெயருக்கு அனுப்பாதே, அவள் பெயருக்கே அனுப்பு. நான் பிரிக்க மாட்டேன். பிரித்தாலும் உன்னிடம் சொல்ல மாட்டேன்.

என்றும் உன்,
ஜன்னல் பக்கத்துக்காரி