நர்சிங் ஆர்டர்லி வீட்டு வேலையாள் அல்லர்: என் தாத்தாவின் பெயரை நினைவுக் கல்லில் சேர்க்கக் கோரும் மனு

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்.

பொருள்: கொரியப் போரில் பணியாற்றிய ராணுவ மருத்துவ உதவியாளரைப் பற்றிய பதிவுப் பிழையைத் திருத்தி, ஊராட்சி நினைவுக் கல்லில் அவர் பெயரைப் பொறிக்க ஆணையிடக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். அன்றைய வட ஆர்க்காடு மாவட்டத்தில் பிறந்த என் தாத்தா, 1950-ஆம் ஆண்டு தம் 19-ஆவது வயதில், இந்திய ராணுவத்தின் 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ் என்னும் போர்க்கள மருத்துவப் பிரிவில் நர்சிங் ஆர்டர்லியாகக் கொரியா சென்றார். இப்போது எங்கள் ஊராட்சியில், போரில் பணியாற்றிய ஊர்க்காரர்களின் பெயர்களைக் கல்லில் பொறித்து வருகிறார்கள். அதில் அவர் பெயர் இல்லை. காரணம் கேட்டேன். கல்லுக்காகத் தயாரித்த பட்டியலில் அவர் பெயருக்கு நேரே ‘ஆர்டர்லி – அதிகாரியின் வீட்டு வேலையாள்’ என்று எழுதியிருந்தது. “போர்முனைக்குப் போனவர்கள் பெயர்தான் வரும், அம்மா” என்று பட்டியலை வைத்திருந்தவர் பொறுமையாகவே சொன்னார். அவர்மீது எனக்குக் கோபமில்லை. வீட்டு வேலை தாழ்ந்தது என்றும் நான் சொல்லவில்லை. தாத்தா செய்யாத வேலையை அவர் கணக்கில் எழுதி, செய்த வேலையை அடித்துவிட்டார்கள் என்பதே என் முறையீடு.

காயம்பட்டவரை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருவதும், இரத்தப்போக்கை நிறுத்துவதும், முறிந்த காலுக்கு மட்டை வைத்துக் கட்டுவதும், அறுவைச் சிகிச்சை முடியும்வரை மருத்துவர் பக்கத்தில் நிற்பதும் நர்சிங் ஆர்டர்லியின் வேலை. லெப்டினன்ட் கர்னல் ஏ. ஜி. ரங்கராஜ் தலைமையில் 300-க்கும் மேற்பட்டோர் கொண்ட அந்தப் பிரிவு 1950 நவம்பர் 20 அன்று தென் கொரியாவின் பூசான் துறைமுகத்தில் இறங்கியது. சண்டையிடும் படையை இந்தியா அந்தப் போருக்கு அனுப்பவில்லை; இந்த மருத்துவப் பிரிவைத்தான் அனுப்பியது. மருந்துப் பை சுமந்தவரைப் போர்முனைக்குப் போகாதவர் என்று தள்ளினால், அந்தப் போரில் இந்தியாவின் பங்கு என்று சொல்ல ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்.

போய்ச் சேர்ந்த சில வாரங்களிலேயே வட கொரியத் தலைநகரான பியாங்யாங்கிலிருந்து பின்வாங்க வேண்டியதாயிற்று. மருத்துவச் சாமான்களை ஏற்றிச்செல்ல வண்டி இல்லை. விட்டுவிட்டுப் போக ரங்கராஜுக்கு மனமில்லை. ஒரு நீராவி ரயில் எஞ்சினைத் தேடிப் பிடித்தார்கள். வரிசையாக நின்று வாளி வாளியாகத் தண்ணீரைக் கைமாற்றி அதன் கொதிகலனை நிரப்பினார்கள். தாங்களே ஓட்டிக்கொண்டு போனார்கள். அந்த வரிசையில் தாத்தாவும் நின்றார். வாளியிலிருந்து சிந்திய நீர் கையுறையிலேயே உறைந்து, விரலை மடக்க முடியாமல் போனதை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தக் குளிரில் வலி போக்கும் மருந்தான மார்ஃபின் உறைந்துவிடும். குழலை அழுத்தினாலும் மருந்து வெளியே வராது. வலியில் துடிப்பவரிடம் பொறுத்திரு என்று சொல்ல முடியுமா? அதனால் மார்ஃபின் குழலைத் தம் வாய்க்குள் வைத்தே இளக்குவார்களாம். “வெற்றிலை அடக்குகிற மாதிரி” என்று வலது கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். நானும் செவிலியராகப் பணிபுரிகிறேன். குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து மருந்தை எடுக்கும் போதெல்லாம் அந்தக் கன்னம் என் கண்முன் வரும்.

1951 மார்ச் 23 அன்று முன்சான் பகுதியில் அமெரிக்க வான்குடைப் படையினருடன் இந்தப் பிரிவைச் சேர்ந்த 12 பேர் குதித்தார்கள். அவர்களில் தாத்தா இல்லை. நான் சிறுமியாக இருந்தபோது பள்ளியில் அவரும் குதித்ததாகப் பெருமை பேசிவிட்டு வந்தேன். மறுநாளே என்னைத் திருத்திச் சொல்லிவிட்டு வரவைத்தார். தமக்குரியது அல்லாத பெருமையை ஏற்காதவருக்கு, உரியதையும் மறுப்பது எனக்குத் தாங்கவில்லை.

ராணுவப் பணியிலிருந்து விடுவிக்கும்போது தரும் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலை இணைத்துள்ளேன். பிரிவின் பெயரும் பணியின் பெயரும் அதில் தெளிவாக உள்ளன. ஐக்கிய நாடுகள் சபை வழங்கிய பதக்கத்தையும் நேரில் கொண்டுவந்திருக்கிறேன்: நீலமும் வெள்ளையும் கோடிட்ட ரிப்பன், அதன்மேல் ‘கொரியா’ என்று பொறித்த பட்டை. அதிகாரி வீட்டில் வேலை பார்த்ததற்கு அதைத் தரவில்லை. மேலும் சான்று தேவையென்றால், லக்னோவில் உள்ள ராணுவ மருத்துவப் படையின் ஆவண அலுவலகத்துக்குத் தங்கள் அலுவலகம் வழியாக எழுதிக் கேட்குமாறு வேண்டுகிறேன்.

பட்டியலில் உள்ள அந்த வரியை நீக்கி, ‘போர்க்கள மருத்துவ உதவியாளர், 60-ஆவது பாராசூட் ஃபீல்ட் ஆம்புலன்ஸ், கொரியா’ என்று திருத்தவும், அவர் பெயரைக் கல்லில் பொறிக்கவும் ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். தாத்தா இன்று இல்லை. பாட்டிக்கு 88 வயதாகிறது. எழுத்துக் கூட்டிப் படிப்பார், தாத்தா பெயரை மட்டும் கூட்டாமலே படிப்பார். நேற்று கல்தச்சரின் பட்டறைக்குப் போய்ப் பார்த்துவந்தேன். கல்லின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்
(பெயரும் முகவரியும் இணைப்பில்)