புதுப்பேட்டைப் பெரியவருக்கு நன்றி

போன சனிக்கிழமை புதுப்பேட்டையில், ஸ்பேர் பார்ட்ஸ் கடை வாசலில் என்னிடம் பேசிய பெரியவரே, உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன்.

அப்பாவின் 1992 யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் ஸ்டார்ட் ஆகவே இல்லை. மூன்று வாரமாக வீட்டு வாசலில் பிரித்துப் போட்டிருந்தேன். கார்புரேட்டரை நாலு தடவை கழற்றி பெட்ரோல் போகும் ஜெட்டையெல்லாம் ஊதினேன், புது பிளக் போட்டேன். உதைத்து உதைத்துக் கால் வலிதான் மிச்சம். அன்றைக்குப் புது கார்புரேட்டர் வாங்கத்தான் வந்தேன். "காசை வீணாக்காதீங்க தம்பி, பாயிண்ட்டைப் பார்த்தீங்களா?" என்றீர்கள். பிளக்கில் பொறி வருவதற்காகத் திறந்து மூடும் சின்ன முனைகள்தான் பாயிண்ட். அந்த முனைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜைப் பையிலிருந்து எடுத்து, 0.35 மில்லிமீட்டர் தகட்டைப் பிரித்துக் காட்டினீர்கள். இழுக்கும்போது லேசாக உரச வேண்டும், இறுகக் கூடாது என்றீர்கள்.

வீட்டுக்கு வந்து பாயிண்ட்டை மூடியிருக்கும் மேக்னெட் கவரைக் கழற்றினால், பாயிண்ட் முனைகளில் எண்ணெய்ப் பிசுக்கு. நீங்கள் சொன்னபடி விசிட்டிங் கார்டை நடுவில் விட்டு இழுத்தேன். கறுப்புக் கோடு விழுந்தது. சுத்தமாக வரும்வரை இழுத்தேன், அப்புறம் இடைவெளியைச் சரிசெய்தேன். மூன்றாவது உதையில் அந்தச் சத்தம்! உள்ளே படுத்திருந்த அப்பா எழுந்து வாசலுக்கே வந்துவிட்டார்.

ரொம்ப நன்றி ஐயா. கேஜை என் கையிலேயே கொடுத்து அனுப்பிவிட்டீர்கள். வருகிற சனிக்கிழமை அதே கடை வாசலில் வண்டியோடு நிற்பேன்.