சங்கிலி இல்லாட்டியும் வந்துடு கண்ணு

கண்ணு,

போன் பண்ணா எடுக்க மாட்டேங்கற, அதான் வாட்ஸ்அப்புல பெருசா டைப் பண்றன், ராத்திரி ரூமுக்குப் போயி நிதானமா படி.

அப்பா கிறிஸ்துமஸ் குடில் போட ஆரம்பிச்சிட்டாரு. கேழ்வரகுத் தாளுல கூரை, உன் பழைய சீரியல் லைட்டு பாதிதான் எரியுது. போன ஞாயித்துக்கிழம பூசையில சாமியார் சொன்னாரு, 1223ல அசிசி பிரான்சிஸ் இத்தாலியில கிரேச்சோன்ற ஊர்ல நெஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி குடில் போட்டாராம். எனக்கு உடனே நம்ம மாட்டுத் தொட்டிதான் ஞாபகம் வந்துச்சு. தெனம் அதக் கழுவறவ நான், மாட்டு எச்சியும் புளிச்ச தவிடும் எப்படி நாறும்னு எனக்குத் தெரியும். விடுதியில எடமில்லாம அந்த மாதிரி ஒரு தீவனத் தொட்டியிலதான் மாதா கொழந்த இயேசுவ துணியில சுத்திக் கெடத்தினாங்க. எடம் சுத்தமாவட்டும் அப்பறம் வரலாம்னு அவரு காத்துக்கினு இருக்கல.

நீ என்ன சொல்லிட்டுப் போன, சங்கிலிய மீட்டுக் குடுத்துட்டுதான் படி ஏறுவன்னு. நாலு பவுனு. லோன் ஆப்புல மாட்டிக்கினு என்னைக் கேக்காம எடுத்துப் போயி அடகு வெச்சியே, எனக்குக் கோவமே இல்லன்னு பொய் சொல்ல மாட்டன், எத்தன நாளு அழுதன் தெரியுமா. ஆனா ஒண்ணு யோசிச்சேன் கண்ணு, மீட்பர் மீட்பர்னு ஜெபத்துல சொல்றமே, அதுவும் நகைய மீட்கறதும் ஒரே வார்த்தைதான். அடகுக்கடை பீரோவுல கெடக்கற சங்கிலி தானா எழுந்து வீட்டுக்கு வருமா, எத்தன பளபளன்னு இருந்தாலும் வராது, அதுக்கு உடையவங்க பணத்தோட போவணும். நம்ம நெலமையும் அதான், நாமளே நல்லவங்களாயி எழுந்து வர முடியாதுன்னுதான் அவரே வந்தாரு. பொன்னு வெள்ளி குடுத்து இல்ல, கிறிஸ்துவோட ரத்தத்தக் குடுத்து நம்மள மீட்டாருன்னு பேதுரு மொதல் கடிதத்துல இருக்கு, ஒண்ணாம் அதிகாரம், எடுத்துப் படி. இயேசுன்ற பேருக்கே ஆண்டவர் மீட்கிறார்னுதான் அர்த்தம், தம் மக்களப் பாவத்துலேர்ந்து மீட்பாருன்னு சொல்லித்தான் வானதூதர் சூசையப்பர் கனவுல அந்தப் பேர வெக்கச் சொன்னாரு. அதனால எனக்கு கிறிஸ்துமஸும் பெரிய வெள்ளியும் தனித்தனியாவே தெரியல, தொட்டியில படுத்திருந்தப்பவே அவரு நமக்கு வெலை குடுக்கத்தான் வந்திருந்தாரு.

அந்த சங்கிலி இப்ப யாருதுன்னு கேட்டா நம்மளதுன்னுதானே சொல்லுவ, கடைக்காரருதுன்னு சொல்லுவியா? நீயும் அப்படித்தான்டா எனக்கு.

செஞ்சது சின்ன தப்புன்னு நான் சொல்லல. பாவசங்கீர்த்தனம் பண்ணு, கடன மாசாமாசம் கட்டு, அது நீதான் செய்யணும். ஆனா அத முடிச்சாதான் வீட்டுக்கு வரணும்னு இங்க யாரும் சொல்லல.

சேலத்துலேர்ந்து பிரிஞ்சு நம்ம தர்மபுரி மறைமாவட்டம் ஆரம்பிச்ச 1997லதான் நீயும் பொறந்த. அந்த வருஷம் ராப்பூசையில வானவர் கீதத்துக்கு மணி அடிச்சதும் என் மடியில வீல்னு கத்தின, கோயில்ல எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

24ஆம் தேதி பெங்களூரு பஸ் புடிச்சு கிருஷ்ணகிரியில எறங்கி போன் பண்ணு, எத்தினி மணி ஆனாலும் அப்பா வண்டி எடுத்துக்கினு வருவாரு. குடில்ல கொழந்த இயேசுவ வெக்கறது எப்பவும் நீதான, அதனால துணியில சுத்தி அலமாரியிலயே வெச்சிருக்கன்.

அம்மா