கையொப்பம் போடுமுன் ஒரு நகல் கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

பல்கலைக்கழகங்கள் மலேசியத் தமிழரான நம் வரலாற்றுக்கு ஒன்றும் செய்வதில்லை என்று உங்கள் ஞாயிறு பதிப்பில் வாசகர் ஒருவர் குறைபட்டிருந்தார். அதில் பாதிதான் சரி. மானியம் வருகிறது, மாணவர்களும் ரப்பர்த் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்கிறார்கள். சிக்கல் அதற்கப்புறம்தான். அந்தப் பதிவு யாரோ ஒருவருடைய ஹார்ட் டிஸ்கில் உட்கார்ந்துவிடுகிறது. பேசியவர் வீட்டுக்கும் திரும்பி வருவதில்லை, நூலகத்துக்கும் போய்ச் சேர்வதில்லை.

இதை வெறும் அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. கோளாறு திட்டச் செலவைப் போடும் விதத்தில் இருக்கிறது. உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். என்ற அடிப்படை ஆய்வு மானியத்தில் செலவுகளை ‘வோட்’ எண், அதாவது செலவுத் தலைப்பு எண், போட்டுப் பிரிப்பார்கள்: 11000 சம்பளம், 21000 பயணம், 27000 ஆய்வுப் பொருள்கள், 29000 தொழில்முறைச் சேவை, 35000 கருவிகள். வாய்மொழி வரலாறு எடுப்பவர்கள் பயணத்துக்கும் கருவிக்கும் தாராளமாக எழுதுகிறார்கள். பேச்சை எழுத்தாக்கும் வேலைக்கு 11000-இலோ 29000-இலோ தொகை கேட்கலாம், விதியில் தடையில்லை. ஆனாலும் “மாணவரே தட்டச்சு செய்துவிடுவார்” என்று விட்டுவிடுகிறார்கள்.

அது எவ்வளவு பெரிய வேலை என்று கணக்குப் பாருங்கள். 40 பேர், ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் என்றால் 60 மணி நேரப் பதிவு. தோட்டத்துப் பேச்சு ஒரு மணி நேரத்தைக் கேட்டு, தட்டச்சு செய்து, மறுபடி ஒலியோடு ஒப்பிட்டுத் திருத்த 6 முதல் 8 மணி நேரம் பிடிக்கும். அதாவது 360 முதல் 480 மணி நேரம். நாளுக்கு 6 மணி நேரம் உட்கார்ந்தாலும் 60 முதல் 80 வேலைநாள். ஆய்வேடும் எழுதிக்கொண்டு அங்கீகரிக்கப்பட்ட ஆய்விதழுக்குக் கட்டுரையும் அனுப்ப வேண்டிய மாணவரால் இது ஆகிற காரியமில்லை. தமக்கு வேண்டிய பத்துப் பக்கத்தை மட்டும் எழுதிக்கொள்வார், மிச்சம் அப்படியே கிடக்கும்.

தட்டச்சு செய்பவருக்குத் தோட்டத்துச் சொல் தெரிந்திருக்க வேண்டும் என்பது இன்னொன்று. “விடியக்காலையில பெரட்டுக்குப் போவோம்” என்று பாட்டி சொல்வது ஆள் கணக்கெடுக்கும் களத்தை. பட்டணத்துப் பிள்ளை அதைப் ‘புரட்டு’ என்று அடித்துவிட்டால், பாட்டி தினமும் பித்தலாட்டத்துக்குக் கிளம்பிய கதையாகிவிடும். ‘மங்கு’ ரப்பர் பால் வடியும் கிண்ணம். தெரியாதவர் அதைச் சாப்பாட்டுத் தட்டு என்று எண்ணி, அடிக்குறிப்பு வேறு போட்டுவிடுவார். ஒலியை வைத்திருந்தால் என்றைக்காவது திருத்தலாம். தட்டச்சுப் பிரதி மட்டும் மிஞ்சினால் அந்தத் தவறே வரலாறு.

பழைய பத்திரிகைகளுக்கும் இதே கதிதான். 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன ‘தமிழ் நேசன்’ போன்ற ஏட்டை ஸ்கேன் செய்தால் மட்டும் போதாது. தமிழ்நாட்டில் 1978-இல் 13 எழுத்துகளின் வடிவம் மாறியது. அதற்கு முந்தைய அச்சில் துதிக்கை போல வளைந்த லை, னை, சுழித்த றா, னா எல்லாம் இருக்கும். ஸ்கேன் படத்தைத் தேடக்கூடிய எழுத்தாக மாற்றும் எழுத்துணரி மென்பொருள் அவற்றில் தடுக்கி விழும். பழைய வடிவங்களைச் சொல்லிக்கொடுக்கவும் பிழை பார்க்கவும் ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டுக்கட்டை ஒப்புதல் படிவம். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். “கல்வி நோக்கத்துக்கு மட்டும்” என்று ஒரு வரி இருக்கும். தாத்தா நம்பிக்கையில் கையொப்பம் போட்டுவிடுவார். பின்னாளில் நூலகம் அந்தப் பதிவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட நினைத்தால் இந்த ஒரு வரி குறுக்கே நிற்கும். அதற்குள் தாத்தா காலமாகியிருப்பார், அனுமதியை மாற்றிக்கொடுக்க ஆளில்லை. படிவம் தமிழில் இருக்க வேண்டும். ஆய்வுக்குப் பயன்படுத்தலாமா, நூலகத்தில் வைக்கலாமா, பொதுவில் ஒலிக்கவிடலாமா, பெயரைச் சொல்லலாமா என்று நான்கு தனித்தனிக் கட்டம் வேண்டும். குடும்பச் சண்டை, கடன் விவகாரம் பேசியிருந்தால் அந்தப் பகுதியைப் பத்தாண்டு பூட்டிவைக்கச் சொல்லலாம்.

ஆகவே கோயில் நிர்வாகமோ, தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கமோ, வீட்டுப் பெரியவரோ, ஆய்வாளர் வந்தால் கதவை அடைக்க வேண்டாம். கையொப்பத்துக்கு முன் சிலவற்றைக் கேட்டால் போதும். ஒலிப்பதிவின் முழு நகல், சுருக்கப்படாத வேவ் கோப்பாக, வீட்டுக்கு ஒன்று. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், ஸ்டீரியோ என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1 ஜிபி ஆகும், ஒரு பெண்டிரைவ் தாராளம். கோப்பின் பெயரில் தேதியும் இடமும் இருக்கட்டும், ‘ரெக்கார்டிங் 17’ என்று இருந்தால் ஐந்து ஆண்டில் யாருடைய குரல் என்றே தெரியாது. பேசும்போது மின்விசிறியையும் தொலைக்காட்சியையும் நிறுத்திவிடுங்கள். வியர்த்தாலும் பரவாயில்லை, பின்னால் அந்த இரைச்சலை முழுதாக எடுப்பது கடினம். ஆல்பத்தை மட்டும் வெளியே கொடுத்தனுப்பாதீர்கள். ஸ்கேனரை வீட்டுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், 600 டிபிஐ போதும். பசைத்தாளில் ஒட்டிய படத்தைப் பிய்க்காமல் பக்கத்தோடு எடுக்கட்டும்.

பல்கலைக்கழகத் தரப்புக்கும் ஒன்று. ‘சமூக ஈடுபாடு’ என்ற பெயரில் வேலைநாள் காலை பத்து மணிக்கு வளாக மண்டபத்தில் கருத்தரங்கு வைத்து, வந்த தலைகளை எண்ணி அறிக்கை அனுப்புவதில் யாருக்கு என்ன லாபம்? பேசிய பெரியவர்கள் அங்கே வர மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் ஐந்தாறு பதிவிலிருந்து மும்மூன்று நிமிடம் ஒலிக்கவிட்டுப் பாருங்கள். “அது பெரிய கிராணி இல்ல, சின்ன கிராணி” என்று, தோட்டத்து எழுத்தர் யாரென்பதைக் கூட்டமே திருத்தும். அந்தத் திருத்தங்களையும் பதிவு செய்துகொள்ளலாம்.

1966 ஏப்ரலில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தனிநாயகம் அடிகள் முன்நின்று நடத்திய முதல் உலகத் தமிழ் மாநாட்டை இன்னமும் பெருமையாகப் பேசுகிறோம். அங்கே வாசித்த கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாக அச்சானதால்தான் இன்றைய மாணவர் எடுத்துப் பார்க்க முடிகிறது. நம் கும்பாபிஷேக மலர்களோ வருகிறவர்களுக்கு விநியோகித்ததோடு சரி. 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி தேசிய நூலகத்துக்கு ஐந்து படிகள் அனுப்ப வேண்டும். அடுத்த மலர் அச்சுக்குப் போகும்போது அந்த ஐந்தையும் சேர்த்து எண்ணிக்கை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ச. மு.,
பந்தாய் டாலாம், கோலாலம்பூர்